மிலிட்டரிக்காரர் கொல்லை: தாத்தாவுக்குக் கொடுத்த நிலம் இன்று கணக்கில் 'தரிசு'

கணியம்பாடிப் பேரன் (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு காலை 9.12

வணக்கம். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் கணியம்பாடிப் பக்கம், மலையடிவாரம். என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படை) இருந்தவர். 1942இல் சேர்ந்தார், பர்மாவில் ரோடு போட்டார், பாலம் கட்டினார், 1946இல் ஊர் திரும்பினார். பென்ஷன் கிடையாது. பிற்பாடு சர்க்கார் அவருக்கு நிலம் கொடுத்தது. ஊரில் அதற்கு இன்றைக்கும் 'மிலிட்டரிக்காரர் கொல்லை' என்றுதான் பேர். ஆடு மேய்க்கிற பையனைக் கேட்டால்கூட வழி சொல்வான்.

பாட்டி போன மாதம் தவறிவிட்டார். காரியம் எல்லாம் முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ஓர் ஒப்படை உத்தரவு (சர்க்கார் நிலம் கொடுத்ததற்கான காகிதம்), 4 ரசீதுகள், ஒரு வெண்கல நட்சத்திரப் பதக்கம். உத்தரவை நாலாக மடித்து வைத்ததில் மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. 'முன்னாள் ராணுவத்தினர்' என்பதும் 'புஞ்சை, 2 ஏக்கர் 87 சென்ட்' என்பதும் மட்டும் நன்றாகத் தெரிகின்றன. ரசீதில் 'பசலி 1365' என்று இருக்கிறது, அது எந்த வருஷம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சரி, வாரிசு பேருக்குப் பட்டா மாற்றுவோம் என்று இணையத்தில் பார்த்தால், அந்தச் சர்வே எண் 'தீர்வை ஏற்படாத தரிசு, அரசு', அதாவது நிலவரி விதிக்காத சர்க்கார் நிலம் என்று வருகிறது. அலுவலகம் ஒன்றுக்குப் போய்க் கேட்டேன். "உங்க தாத்தா ஆக்கிரமிச்சிருப்பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது காலனித் தெரு. தாத்தா முதலில் ஏரிக்குக் கீழே ஒரு துண்டு கேட்டாராம். பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அடிவாரத்தில் கல்லும் காரைமுள்ளும் மண்டிக் கிடந்த இடத்தைக் காட்டினார்களாம். அந்தக் கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நிலம் ஆக்கியது பாட்டிதான்.

இப்படி நிலம் வாங்கிய மற்ற குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்களா? உங்கள் நிலம் உங்களிடம் இருக்கிறதா?


சங்கிலி பிடித்தவன், ஞாயிறு காலை 11.40

தம்பி, நான் நில அளவையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் பசலி, அதாவது வருவாய்க் கணக்கு வருஷம். அதோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும், ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். பசலி 1365 என்றால் 1955 ஜூலை முதல் 1956 ஜூன் வரை. அந்த வருஷத்துக்குத் தாத்தா தீர்வை கட்டியிருக்கிறார்.

இரண்டாவது, அந்தக் காகிதத்தைத் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். நிறையப் பேர் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்துவிடுகிறார்கள். பிறகு முத்திரையையும் மையையும் பரிசோதிக்க முடியாமல் போகும். நல்ல பிளாஸ்டிக் உறையில் விரித்து வையுங்கள், மடிக்க வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சர்க்கார் தரிசை ஒருவருக்கு ஒப்படை செய்வது வருவாய் நிலை ஆணை 15இன் கீழ் நடக்கிறது. நிலமில்லாத ஏழைகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் அதன்படிதான் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் ஒருவருக்கு 3 ஏக்கர் புஞ்சை அல்லது ஒன்றரை ஏக்கர் நஞ்சை வரை. உத்தரவு கையில் வந்ததோடு வேலை முடியாது. சர்வேயர் போய் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும், கல் நட வேண்டும். கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) கிராமக் கணக்கில் பேரை ஏற்ற வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்தவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? உத்தரவு வந்தது, நிலத்தைக் காட்டினார்கள், உழ ஆரம்பித்துவிட்டார். கணக்கில் ஏறியதா என்று யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் யுடிஆர், அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கிற திட்டம் வந்தது. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்தது. ஏக்கரை ஹெக்டேர் ஆக்கி, பட்டாவை எல்லாம் புதிதாக எழுதினார்கள். 1980 கடைசியில் கர்ணம், மணியக்காரர் பதவிகளையே எடுத்துவிட்டார்கள். ஊர் நிலம் அத்தனையும் மனப்பாடமாக வைத்திருந்த ஆட்கள் நடு வேலையில் வீட்டுக்குப் போனார்கள். பழைய கணக்கில் பென்சிலால் எழுதியிருந்தது, ஓரத்தில் குறித்திருந்தது எல்லாம் புதுக் கணக்குக்கு வராமல் விட்டுப்போனது அப்போதுதான். நானே அந்த வேலையில் இருந்தவன், அதனால் அடித்துச் சொல்கிறேன்.

அந்த 4 ரசீதையும் படம் எடுத்துப் போடுங்கள். பேரையும் சர்வே எண்ணையும் மறைத்துவிடுங்கள்.


ஓய்வு ஹவில்தார், ஞாயிறு மதியம் 1.05

பேரா, நானும் தம்பிதான் (சாப்பர்ஸ் ஆளுக்கு அந்தப் பேர் ஏன் என்று உங்கள் தாத்தா சொல்லியிருப்பார்). பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பர்மா ஸ்டார் ஆறு முனை நட்சத்திரம். இங்கிலாந்துக்காரர்களுக்குக் கொடுத்ததில் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் படை எண்ணும் பேரும் பொறித்திருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எண் கிடைக்கும். அந்த எண்ணோடு பெங்களூரில் உள்ள சாப்பர்ஸ் ஆவண அலுவலகத்துக்கு எழுதினால் பணி விவரம் கேட்கலாம். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, மனுவை அவர்கள் வழியாகவும் அனுப்பலாம்.

உங்களுக்குப் பக்கத்து ஊர்தான் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறோம். வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாளத்தில். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? 1914–18 போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே காய்கறி வாங்கிக்கொண்டு எத்தனை வருஷம் நடந்திருக்கிறேன், நிமிர்ந்து படித்தது பணியிலிருந்து திரும்பிய பிறகுதான்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. என்னோடு வேலை பார்த்த பஞ்சாபிகள் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். முதல் போர் முடிந்ததும் மேற்குப் பஞ்சாபில் கால்வாய் வெட்டிய பூமியில் சிப்பாய்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். அங்கே ஒரு 'முரப்பா' என்றால் சுமார் 25 ஏக்கர், அதுவும் வாய்க்கால் தண்ணீரோடு. சுதந்திரத்துக்குப் பிறகும் 1948இல் கிழக்குப் பஞ்சாபில் போர் விருதுகள் சட்டம் போட்டு, பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய பெற்றோருக்கு வருஷா வருஷம் பணம் கொடுத்தார்கள். நம் பக்கம்? 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியான் போருக்கு லாயக்கில்லாதவன் என்ற எண்ணத்தை மேலே கொண்டுபோனார். மெட்ராஸ் ரெஜிமெண்டை 1928இல் கலைத்தே விட்டார்கள். இரண்டாம் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மறுபடியும் நினைவுக்கு வந்தோம். எண்ணிக்கை குறைந்தால் குரலும் குறையும். வாய்க்கால் பாயும் நிலம் அங்கே, காரைக் காடு இங்கே.


கல்வெட்டுப் பித்தன், ஞாயிறு மாலை 4.30

நல்ல இழை. இந்த வழக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

போரில் இறந்தவன் குடும்பத்துக்கு விட்ட நிலத்துக்குக் கல்வெட்டுகளில் 'உதிரப்பட்டி' என்று பேர். 'இரத்தக்காணி' என்றும் வரும். சிந்திய இரத்தத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலம். தொல்காப்பியம் வெட்சித்திணையில் 'பிள்ளையாட்டு' என்று ஒரு துறை சொல்கிறது. வாள் வீசி வென்று எழுந்த இளைஞனை, பறை முழங்க ஊரே மகிழ்ந்து கொண்டாடி அவனுக்கு நாட்டைக் கொடுப்பது.

நம் மாவட்டம் இதில் சாதாரணப்பட்ட இடம் கிடையாது. 1989இல் வட ஆற்காடு பிரியும்வரை செங்கம் நம்மோடுதான் இருந்தது. அந்தப் பக்கம் வயலுக்கு வயல் நடுகல். எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, வீரனோடு சேர்த்து 'கோவிவன்' என்ற நாயையும் செதுக்கியிருக்கிறது. கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பேரைக்கூட 1,400 வருஷமாகக் கல் மறக்கவில்லை. 60, 70 வருஷத்துக்கு முன்பு நிலம் கொடுத்த ஒரு சாப்பரின் பேரைக் காகிதம் தொலைத்துவிட்டது என்பதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது.

ஆரணி ஜாகீரையும் (படைச் சேவைக்காகக் கொடுத்த ஊர்கள்) சேர்த்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டில் சிவாஜியின் தந்தை ஷாஜியிடம் படை அதிகாரியாக இருந்தவரின் குடும்பத்துக்குக் கிடைத்தது அது. படை நடத்தியவனுக்கு ஊர் ஊராகப் போனது, கீழே நின்று வெட்டுப்பட்டவனுக்கு ஒரு துண்டு நிலம்.


ஆட்டுக்காரர் மகள், ஞாயிறு இரவு 8.15

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். பேரனுடைய தாத்தாமேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

நான் அணைக்கட்டுப் பக்கம். அப்பாவுக்கு 60 ஆடு இருந்தது. மலையடிவாரத்தில் எங்கள் ஊர் மந்தை மேய்கிற இடம் ஒன்று. எழுதி வைத்த சொத்து கிடையாது, ஆனால் 4 தெருக் கால்நடையும் அங்கேதான் மேயும், கோடையில் விறகும் அங்கேதான் பொறுக்குவோம். அதைத் 'தரிசு' என்று சொல்லி அஞ்சாறு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் 2 பேர் முன்னாள் ராணுவத்தார். முள்வேலி வந்தது. ஓடைக்குப் போகிற வழி அடைபட்டது. அப்பா ஆட்டையெல்லாம் ஒடுகத்தூர்ச் சந்தையில் விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார்.

சர்க்கார் யாருக்குக் கடன்பட்டதோ அவருக்குச் சொந்தக் கையிலிருந்து கொடுத்திருக்கலாம். ஊர்ப் பொதுவை எடுத்துக் கொடுத்தார்கள். சண்டைக்குப் போனவரும் ஏழை, மேய்ச்சலை இழந்தவரும் ஏழை. பெரிய பண்ணைக்காரர் நிலத்தில் ஒரு சென்ட் குறைந்ததா?


சங்கிலி பிடித்தவன், ஞாயிறு இரவு 9.50

அம்மா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'மேய்க்கால் புறம்போக்கு' என்று பதிவான நிலத்தை அப்படியே ஒப்படை செய்யக் கூடாது. முதலில் வகைப்பாட்டை மாற்ற வேண்டும், ஊரில் தண்டோரா போட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். நடைமுறையில் தண்டோரா போட்டதாக எழுதிக்கொள்வதோடு முடிந்த ஊர்கள் உண்டு. உங்கள் இடம் பழைய 'அ' பதிவேட்டில் (ஊர் நிலங்களின் அடிப்படைக் கணக்கு) என்ன வகைப்பாட்டில் இருந்தது என்று பாருங்கள். ஓடைக்குப் போகிற பாதை புலப்படத்தில், அதாவது அந்த நிலத்தின் அளவை வரைபடத்தில், புள்ளிக்கோடாக இருந்தால் அதை அடைக்க யாருக்கும் உரிமை கிடையாது.


மின்னசோட்டா ஆம்பூரான், திங்கள் காலை 6.20

நான் இருக்கிற மாநிலத்தில் பாதி ஊர்களின் பழைய பத்திரங்கள் இதே கதையில்தான் தொடங்குகின்றன. அமெரிக்காவில் 1855இல் ஒரு சட்டம் போட்டார்கள்: போரில் 14 நாள் பணியாற்றியிருந்தாலே 160 ஏக்கருக்கு வாரண்ட், அதாவது நில உரிமைச் சீட்டு. 1852லேயே அந்த வாரண்டை அடுத்தவருக்கு விற்கலாம் என்று ஆக்கிவிட்டதால், சிப்பாய்களில் பெரும்பாலோர் நிலத்தைக் கண்ணால் பார்க்காமலே தரகர்களிடம் கொடுத்துவிட்டார்கள். இங்கே அந்த வாரண்டுகளால் வாங்கிய நிலம், டகோட்டா மக்களிடமிருந்து 1851 ஒப்பந்தங்களில் எடுத்துக்கொண்ட பூமி. ஆட்டுக்காரர் மகள் கேட்ட கேள்வி இங்கேயும் அப்படியே நிற்கிறது.


குடியாத்தம் வாத்தியார், திங்கள் காலை 10.05

எங்கள் பெரிய தாத்தாவுக்கு வயநாட்டில் இடம் தருவதாகச் சொன்னார்களாம். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அம்பலவயல் பக்கம் முன்னாள் படைவீரர்களுக்கென்றே குடியேற்றம் தொடங்கினார்கள். காடும் மலேரியாவும் இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகளோடு போக மாட்டேன் என்று கொள்ளுப்பாட்டி சொல்லிவிட்டார். அவ்வளவுதான் எங்கள் நிலக் கதை. போனவர்கள் பின்னாளில் காபித் தோட்டக்காரர்கள் ஆனார்கள்.

பேரன், உங்களுடையது பஞ்சமி நிலமாக இருக்குமா?


கணியம்பாடிப் பேரன், திங்கள் மாலை 7.30

எல்லாருக்கும் நன்றி. பதக்கத்தைப் புளி போட்டுத் துலக்க அம்மா எடுத்தார், தடுத்துவிட்டேன். துணியால் துடைத்துப் பார்த்தால், ஹவில்தார் ஐயா சொன்னபடி பின்னால் எண் இருக்கிறது. பேரும் இருக்கிறது. தாத்தா பேரை அரசாங்கம் வெண்கலத்தில் பொறித்திருப்பதை இந்த வயசில்தான் பார்க்கிறேன்.

ரசீதுகளின் படத்தை இணைத்திருக்கிறேன். மூன்று ஒரே மாதிரி இருக்கின்றன. நாலாவது வேறு தாள், பசலி 1393. கூட்டிப் பார்த்தேன், 1983–84.


சங்கிலி பிடித்தவன், திங்கள் இரவு 8.55

பஞ்சமி கேள்விக்கு முதலில் பதில். பட்டியல் சமூகத்தாருக்கென்று கொடுத்த பஞ்சமி நிலம் 1892 உத்தரவில் தொடங்கியது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைதான் அதற்குக் காரணம். 10 வருஷம் விற்கக் கூடாது, அதன் பிறகும் பட்டியல் சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம். அப்படிப்பட்ட நிலம் பழைய பதிவேட்டில் 'டி.சி.' என்ற குறிப்போடு இருக்கும். பேரனுடைய உத்தரவில் 'முன்னாள் ராணுவத்தினர்' என்று தெரிவதால் இது வேறு வகை. பின்பக்கத்தில் நிபந்தனைகள் அச்சடித்திருப்பார்கள், ஒரு வரி விடாமல் படியுங்கள்.

இப்போது அந்த நாலாவது ரசீது. தம்பி, இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதல் மூன்றும் கிஸ்தி, அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரர் கட்டுகிற தீர்வை. நாலாவது பி மெமோ. புறம்போக்கை ஆக்கிரமித்தவருக்குப் போடுகிற தண்டம். 1955இல் பட்டாதாரராக இருந்தவரை யுடிஆர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஆக்கிரமிப்பாளராக எழுதியிருக்கிறார்கள். பாட்டி அதையும் கிஸ்தி என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்.

ஆனால் வழக்குக்கு இதுதான் உங்கள் பலம். கணக்கு எப்போது புரண்டது என்பது இந்த 4 காகிதத்திலேயே தெரிகிறது. அந்தப் பசலிகளில் நிலம் யார் அனுபவத்தில் இருந்தது என்பதும் தெரிகிறது. செய்ய வேண்டியது: பழைய 'அ' பதிவேடு நகல், அந்தக் காலத்து அடங்கல் (வருஷா வருஷம் எழுதுகிற சாகுபடிக் கணக்கு) நகல், யுடிஆருக்கு முந்தைய புலப்பட நகல் மூன்றுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கிடைத்ததும் யுடிஆர் பிழை திருத்த மனு. தாத்தா இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, படைப் பணிச் சான்று இணைக்க வேண்டும். நிலத்தில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதையெல்லாம் தேதியோடு படம் எடுங்கள். கிணறு, வரப்பு, மரம், எதையும் விடாதீர்கள்.


கணியம்பாடிப் பேரன், திங்கள் நள்ளிரவு 12.10

இப்போதுதான் புரிகிறது. பாட்டி மல்லாட்டை (நிலக்கடலை) விற்ற காசில் முதலில் 'சர்க்கார் பணம்' என்று முந்தானையில் முடிந்து வைப்பார். அதைக் கட்டிய பிறகுதான் எங்களுக்குத் தீபாவளித் துணி. ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். சொந்த நிலத்துக்குத் தண்டம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். படிக்கத் தெரியாது. படித்துக் காட்ட வீட்டில் நாங்கள் இருந்தோம், யாரும் அந்தத் தாளை வாங்கிப் பார்க்கவில்லை.


ஆட்டுக்காரர் மகள், செவ்வாய் காலை 7.00

படித்து அழுதுவிட்டேன் பேரா. எங்கள் அப்பாவும் கையெழுத்துப் போடத் தெரியாதவர்தான். மனுப் போடுங்கள். நிலத்துக்குப் போகும்போது பழைய மாட்டு வழி எது என்று அங்கே மேய்க்கிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.


கணியம்பாடிப் பேரன், 7 வாரம் கழித்து

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும்.

நகல்கள் வந்துவிட்டன. பழைய 'அ' பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் தாத்தா பேரும் 'ராணுவ ஒப்படை' என்பதும் மையால் எழுதியிருக்கிறது. உட்பிரிவு மட்டும் செய்யவில்லை. சங்கிலி ஐயா முதல் நாளே சொன்னது. பெங்களூரிலிருந்து பணிச் சான்றும் வந்தது, அதில் உள்ள எண்ணும் பதக்கத்து எண்ணும் ஒன்று. மனுவை மாவட்ட வருவாய் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன். விசாரணைக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று அம்மாவோடு கொல்லைக்குப் போனேன். 4 பக்கமும் பாட்டி அடுக்கிய கல் கட்டு இருக்கிறது. இடுப்பு உயரம், ஒரு ஆள் படுக்கிற அகலம். கீழே பெரிய பாறைத் துண்டுகள், மேலே போகப் போகக் கைக்கு அடங்குகிற கல். உள்ளே மண் சிவப்பாக, ஒரு கூழாங்கல்கூட இல்லாமல் இருக்கிறது. கட்டுக்கு வெளியே கால் வைக்க முடியவில்லை, அத்தனை கல். எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட்டேன்.

வடக்கு மூலையில் கட்டு இரண்டு முழம் விட்டுப் போயிருந்தது. சரிந்துவிட்டது என்று நினைத்தேன். அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர், "அது உங்க ஆயா வெச்ச வழி. மந்தை தண்ணிக்குப் போறதுக்கு அவங்களே விட்டது" என்றார். பழைய புலப்படத்தைப் பிரித்துப் பார்த்தேன், அங்கே புள்ளிக்கோடு இருக்கிறது. அந்த இடம் அப்படியேதான் இருக்கும் என்று மனுவிலும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுக்கலாமா, சங்கிலி ஐயா?


சங்கிலி பிடித்தவன், அன்றே இரவு 9.20

எழுதிக் கொடுங்கள் தம்பி. விசாரணை அன்றைக்கு நானும் வேலூருக்கு வருகிறேன். அசல் காகிதத்தை யார் கேட்டாலும் காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.